சாதி கேட்கிறீர்கள், ஒப்பந்தம் எங்கே?

திருப்பூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர் போன வாரம் வழக்கு விஷயமாக என்னிடம் வந்தார். குடியிருப்பவர் நாலு மாதமாக வாடகை தரவில்லையாம். ஒப்பந்தம் எங்கேங்க என்றால், "அதெல்லாம் எதுக்குங்க, நல்லா விசாரிச்சுத்தான் விட்டேன்" என்கிறார். என்ன விசாரித்தார்? சொந்த ஊர், சாதி, வீட்டில் கறி சமைப்பார்களா, கல்யாணம் ஆகிவிட்டதா. எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு, முன்பு இருந்த வீட்டை ஏன் காலி செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இதற்கெல்லாம் வேர் "என் வீடு, யாருக்கு விடுவதும் என் இஷ்டம்" என்கிற நினைப்பு. பாதி சரி. வாடகைச் சட்டத்தில் சாதி கேட்கக்கூடாது என்று பிரிவு எதுவும் இல்லை. ஒரு வக்கீலாக இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதற்காக எல்லாமே உங்கள் இஷ்டம் ஆகிவிடாது. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக வீடு மறுத்தால் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி அது பாகுபாடு. திருநர் (திருநங்கை, திருநம்பி) என்பதற்காக மறுத்தால் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். குடிவைத்த பிறகு விஷயம் தெரிந்து, திருநர் என்பதாலேயே ஒருவரை வெளியே துரத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. வீடு கேட்டு வந்த பட்டியல் சாதிக்காரரை வாசலில் நாலு பேர் காதுபட சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போய் நிற்கும். "வீடு இல்லைங்க" என்பதோடு நிறுத்தத் தெரியாமல் பேசி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்புறம் என்னிடம் வந்து, "சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க" என்பார்கள்.

சாவியைக் கொடுத்த பிறகு அந்த இஷ்டம் இன்னும் சுருங்கிவிடும். வாடகை வரவில்லை என்று ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவது, தண்ணீர் வால்வை மூடுவது எல்லாம் சட்ட விரோதம். வாடகைத் தகராறுகளைக் கவனிக்கும் அரசு அதிகாரியான வாடகை அதிகாரியிடம் குடியிருப்பவர் மனுப் போட்டால், பாக்கிக்காரர் அவர், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்தது பதினொரு மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதும் கதை. பத்திரப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டியதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாதிரி நகரங்களில் எத்தனை மாதத்துக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு வழக்கு நடத்தச் சொல்லாதீர்கள்.

ஆள் பார்க்கும்போது வேலை செய்யும் கம்பெனியின் அடையாள அட்டை கேளுங்கள். பழைய வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். ஆதார் நகல் வாங்கினால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற வகை போதும். முழு நகலை ஜெராக்ஸ் கடை, புரோக்கர், வாட்ஸ்அப் குழு என்று சுற்றவிடாதீர்கள். காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரம் கேட்டால் கொடுத்துவிட்டு, ஒப்புகை வாங்கி வையுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. காலி செய்ததும் பாக்கியைக் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். "பெயிண்ட் அடிச்சேன்" என்று மொத்தத்தையும் அமுக்கி வைக்க முடியாது.

வாடகைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்வான்ஸைத் தயவுசெய்து கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். அனுப்பிய பிறகும் ரசீது வாங்குங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.