வரம்போரம் கழற்றி வைத்த காலும் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வும்

கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்கு, எங்கள் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவில் பயிற்சியை முடித்துச் சென்ற ஒரு விவசாயியைப் பார்க்கப் போயிருந்தேன். முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்தவர் அவர். வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிட நடைச் சோதனையைத் தடுமாற்றமின்றிச் செய்து காட்டியவர். நான் போன வேளை அவர் வயலில் நின்றார். செயற்கைக் கால், சப்பாத்தும் மேசுமாக, வரம்போரத்து மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவரோ நீளக் கம்பொன்றை ஊன்றி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார்.

“உதைப் போட்டுக்கொண்டு சேத்துக்குள்ள இறங்கேலாது, பிள்ளை. ஆசுப்பத்திரிக்கு வாறதுக்கும் கோயிலுக்குப் போறதுக்கும்தான் அது” என்றார்.

இயன்மருத்துவத்தில் கலாநிதிப் பட்டம் செய்வது பற்றி என்னிடம் கேட்கும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு முப்பது மீற்றர் நீளமான, மேடுபள்ளமற்ற, கடினமான தரை வேண்டும். அன்றாடச் செயல்களை மதிப்பிடும் பார்தெல் அளவுகோலில் பத்து விடயங்கள் உள்ளன. உண்பது, உடுப்பது, சமதரையில் நடப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாம் அவற்றுள் அடங்கும், ஆனால் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து எழும்புவதும் வரம்பில் நடப்பதும் அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட செயற்பாடு, இயலாமை பற்றிய வகைப்பாடு, ஒருவர் சோதனைச் சூழலில் எதைச் செய்ய வல்லவர் என்பதையும் தன் சொந்தச் சூழலில் எதைச் செய்கிறார் என்பதையும் வெவ்வேறாகப் பதியச் சொல்கிறது. மரத்தடியில் நான் கண்டது அந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தையே. அதை அளப்பதற்கு, கிளிநொச்சி அடங்கிய வன்னிக்குப் பொருந்திய அளவுகோல் என் கையில் இருக்கவில்லை. என் ஆய்வுக் கேள்வி அங்கேதான் பிறந்தது.

ஜெய்ப்பூர் கால் உருவான வரலாறும் இத்தகையதே. 1960களின் பிற்பகுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுவைச் சிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் அதை வடிவமைத்தபோது, வெறுங்காலுடன் நடப்பவரும் குந்தி இருப்பவரும் வயலில் இறங்குபவருமே அவர்கள் மனதில் இருந்தார்கள். நல்ல ஆய்வு நோயாளியின் முற்றத்தில் தொடங்குகிறது என்ற என் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை.

இனி, எந்தக் கலாநிதிப் பட்டம் என்பதில் பலர் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் 2016 முதல் இயன்மருத்துவராவதற்கான நுழைவுக் கல்வியே DPT எனப்படும் தொழில்சார் கலாநிதிப் பட்டமாக உள்ளது. இளமாணிப் பட்டத்தின் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கற்கும் அது, சிகிச்சையாளரை உருவாக்குவது. பாகிஸ்தானில் அதே பெயரிலான பட்டம் பாடசாலைக் கல்வியை அடுத்து வரும் ஐந்தாண்டுக் கற்கை. ஆய்வுக் கலாநிதிப் பட்டம் முற்றிலும் வேறானது: பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ முழுநேரமாக மூன்று நான்கு ஆண்டுகள், பகுதிநேரமாயின் ஏறக்குறைய அதன் இரு மடங்கு காலம், ஒரே கேள்வியுடன் வாழ வேண்டிய பயிற்சி அது. பேராதனையிலோ கொழும்பிலோ இயன்மருத்துவ இளமாணி முடித்தவர்கள், பெரும்பாலும் முதுமாணி அல்லது முதுதத்துவமாணி வழியாகவே அங்கு செல்கிறார்கள். சில மாதங்களில் பட்டம் தருவதாக வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டுமுன், அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள். கடன்பட்டுக் கட்டிய பணத்தை இழந்த ஒருவரை நான் அறிவேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர் முக்கியம். அவர் உங்கள் துறையில் அண்மையில் எழுதியவற்றை வாசித்து, உங்கள் கேள்வியை இரண்டு பக்கத்தில் சுருக்கி அனுப்புங்கள். வன்னியைப் பார்த்திராத ஒருவருக்கு வரம்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும்; அப்படி விளக்கும்போதுதான் நம் கேள்வியே நமக்குத் தெளிவாகிறது.

மொழி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஓர் அளவுகோலைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மீள மூலமொழிக்கு மாற்றி ஒப்பிட்டு, பின்னர் நோயாளிகளிடம் சோதித்த பிறகே பயன்படுத்தலாம். தமிழகத்தில் தயாரான வினாக்கொத்தில் ‘வலி’ என்ற ஒரு சொல் இருக்கும் இடத்தில், எங்கள் ஆட்கள் நோகுது, உளையுது, விறைக்குது, குத்துது என்று வேறுபடுத்திச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் சிகிச்சையாளருக்கு வெவ்வேறு செய்தி. ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லும், போர் முடிந்து முன்னாள் போராளிகள் அந்தப் பெயரிலான முகாம்களில் வைக்கப்பட்ட 2009இன் பின், இங்கு வேறொரு நினைவைச் சுமக்கிறது. அந்தச் சொல்லைத் தலைப்பில் தாங்கிய ஒப்புதல் படிவத்தை ஒரு தாய் என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, கையொப்பமிடாமல் திருப்பித் தந்தார். தலைப்பை ‘நடைப் பயிற்சி பற்றிய ஆய்வு’ என்று மாற்ற ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு மறுபடியும் விண்ணப்பித்தேன். அந்த அனுமதி வரும்வரை ஒருவரிடமும் படிவத்தை நீட்டவில்லை. அந்தத் தாயிடம் பின்னரும் கேட்கவில்லை.