வாயைக் கட்டச் சொல்லும் மிஸ்ஸி

கிளினிக்கில் நான் தாதி, எங்கள் ஊரில் மிஸ்ஸி என்பார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதிகம் சொன்னது "வாயைக் கட்டுங்க, தினம் நடங்க" என்பதுதான். போன மாதம் ஓர் அண்ணன் வந்தார். வயது 54, பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 10.4, மிக அதிகம். வழக்கமான பாட்டை நான் ஆரம்பித்ததும், "மிஸ்ஸி, காலையில ஏழுக்குப் போனா ராத்திரி ஏழுக்குத்தான் விடுறாங்க, எங்க நடக்கிறது?" என்றார். காவல் கொட்டகையில் ஒரு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க். அதில் கேன்டீன்காரர் தினமும் ஊற்றித் தரும் தேத்தண்ணி, கெட்டிப்பால் போட்டு அதற்கு மேல் சீனியும் போட்டது. நான் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிக்கமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவருக்கு ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி, ஊரில் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி, இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கவேண்டியதில்லை என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1985இலேயே எழுதிவிட்டார். நாங்கள் கிளினிக்கில் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். மலேசியப் பெரியவர்களில் 2011இல் 11.2 விழுக்காட்டினருக்கு இருந்த இனிப்பு நீர் 2019இல் 18.3 விழுக்காடானது, இந்தியர்களிடையே 31.4. "நம்ம ரத்தம் அப்படி" என்பார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டுதான், ஆனால் எட்டு வருஷத்தில் யார் ரத்தமும் மாறிவிடவில்லையே!

இரண்டாவது கேள்வியின் பக்கம் அரசு ஒன்று செய்தது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில், டின் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள், பிறகு ஏற்றவும் செய்தார்கள். வரியிலிருந்து தப்பிக்கக் கம்பெனிக்காரனே சீனியைக் குறைக்கப் பார்ப்பான், நான் யாருக்கும் பாட்டுப் பாட வேண்டாம். ஒட்டுக்கடைத் தேத்தண்ணி மட்டும் இதில் மாட்டாது. என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு இந்த வரியே பிடிக்காது, குடிப்பது அவரவர் இஷ்டம் என்பார். சரி, அடுத்தவர் நிரப்பித் தரும் ஃபிளாஸ்க்கில் அந்த அண்ணனின் இஷ்டம் எவ்வளவு?

அப்புறம் எங்கள் தண்ணீர்ப் பந்தல் கதை. தைப்பூசத்துக்கு ரோஸ் சிரப் கலக்கித் தருவோம். முதல் வருஷம் 'சீனியைக் குறைப்போம்' என்று பதாகை கட்டினேன். அதன் அடியில் நின்றே இரண்டாவது கப் கேட்டார்கள். மறுவருஷம் பதாகை இல்லை, கலக்கும் மாமாவிடம் பேசி பத்துக் கிலோ சீனியை ஆறாக்கினோம், யாரிடமும் சொல்லவில்லை. நடந்து களைத்து வந்தவர்கள் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், ஒரு பெரியவர் மட்டும் "என்னம்மா, தண்ணியா இருக்கு" என்றார். மாமா சட்டென்று அவர் கப்பில் கெட்டிப்பாலை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வரும் வருஷம் ஐந்து கிலோ என்கிறேன் நான், ஏழு என்கிறார் அவர்.