ஜாப் கார்டு டேலிக்குள் போகும் வழி

தொப்பூர் கணவாயில் இறங்கப்போகிற லாரி ஒன்று, அதற்கு முன்பே தர்மபுரியில் ஒரு பட்டறையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. லைனிங்கும் சில்லறைச் சாமான்களும் 8,000 ரூபாய், ஆயில், கிரீஸ் 2,000, லேபர் 3,000. டிரம்மை வெளியே லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கியதற்கு 1,000. ஆக 14,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,520. பில் 16,520.

டிரைவருக்கு இது ஒரே தொகை. ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் டேலி என்ற கணக்கு சாப்ட்வேருக்கோ இது ஏழு கணக்குகளில் விழ வேண்டிய ஒரு வவுச்சர், அதாவது ஒரு பதிவு. லாரிக்காரர் பெயரில் 16,520 பற்று. எதிர்ப்பக்கம் ஸ்பேர்ஸ் விற்பனை 8,000, ஆயில் விற்பனை 2,000, லேபர் வருமானம் 3,000, வெளிவேலை வருமானம் 1,000, மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 1,260, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 1,260 என்று ஆறு வரவுகள். இரு பக்கமும் 16,520.

பட்டறை சாப்ட்வேரில் பில் போடுகிறவர் இந்த ஏழு கணக்குகளையும் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு வண்டிக்குச் செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் லைனிங், ஆயில், லேபர் என்று போட்டுக்கொண்டே போவார். எது எந்த லெட்ஜருக்கு, அதாவது எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை செட்டிங்கில் உள்ள ஒரு அட்டவணை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும். இதைத்தான் மேப்பிங் என்கிறார்கள். சாப்ட்வேர் போட்ட அன்று யாரோ அரைமணி நேரத்தில் நிரப்பிய அட்டவணையின்படிதான் அதற்குப் பிறகு வரும் எல்லா பில்லும் போகும். லாரி ஷெட்டில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தா ஏற்றுகிறார்கள்? லேபிளில் ஓசூர் என்று இருந்தால் ஓசூர் வண்டியில் ஏறிவிடும். பில்களைச் சாப்ட்வேரிலிருந்து டேலிக்கு அனுப்பும் எக்ஸ்போர்ட்டும் அதே மாதிரிதான்.

டேலிக்கு அனுப்பும் கோப்பு பெரும்பாலும் எக்ஸ்எம்எல். அதில் இருப்பது தேதி, பில் நம்பர், லெட்ஜர் பெயர், தொகை, அவ்வளவுதான். பற்றுத் தொகைகளுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும். முதல் தடவை பார்ப்பவர் பதறிப்போவார், ஆனால் டேலியின் வழக்கமே அதுதான். லெட்ஜரை டேலி பெயரை வைத்தே தேடும். சாப்ட்வேரில் ‘ஸ்பேர்ஸ் சேல்ஸ்’, டேலியில் ‘ஸ்பேர் சேல்ஸ்’ என்று இருந்தால் அப்படி ஒரு லெட்ஜர் இல்லை என்று சொல்லி வவுச்சரைத் திருப்பிவிடும். இது நல்ல பிழை. கத்திச் சொல்லிவிடுகிறது, திருத்திவிடலாம்.

சத்தமே போடாத பிழைதான் ஆபத்து. டேலி தரும் 28 ஆயத்தக் குழுக்களில் எதன் கீழ் லெட்ஜரை வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் அது லாபநட்டக் கணக்கில் வருமா, ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) வருமா என்பது முடிவாகும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி லெட்ஜர்களை டியூட்டீஸ் அண்ட் டாக்சஸ் குழுவில் வைக்காமல் வருமானத்தின் கீழ் வைத்துவிட்டால், அரசுக்குக் கட்ட வேண்டிய 2,520 ரூபாய் நம் லாபமாகத் தெரியும். பற்றும் வரவும் அப்போதும் பைசா பிசகாமல் சரியாக இருக்கும். இரட்டைப் பதிவு முறை தொகைகள் சமமா என்று மட்டும்தான் பார்க்கும், சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்க்காது. எக்ஸ்போர்ட் பிழையில்லாமல் முடிந்தது என்ற பச்சை டிக்கை நம்பிவிடக்கூடாது என்பது அதனால்தான்.

இந்த வகைப் பிழையில் மிகப் பெரியது ஸ்டாக் விஷயத்தில் வரும். 8,000 ரூபாய்க்கு விற்ற சாமான்களை 6,500க்கு வாங்கியிருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆடிட்டர்கள் பலரும் வாங்கிய பில்லை நேராகப் பர்ச்சேஸ் கணக்கில் செலவாகப் போட்டுவிட்டு, மார்ச் கடைசியில் கையிருப்பை எண்ணி இறுதி ஸ்டாக் காட்டுவார்கள். சில சாப்ட்வேர்களின் கணக்கு முறை வேறு. வாங்கும்போது அதைச் சொத்தாகவே வைத்திருந்து, ஜாப் கார்டு மூடும் நிமிடத்தில் ஸ்டாக்கிலிருந்து 6,500 எடுத்து அடக்க விலை என்ற செலவில் போடும். அதனால்தான் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வருமானக் கணக்கு எது, அடக்க விலைக் கணக்கு எது, ஸ்டாக் கணக்கு எது என்று மூன்று கேள்வி கேட்கிறது.

இரண்டு முறையும் சரிதான், தனித்தனியாக இருக்கும்வரை. பர்ச்சேஸ் கணக்கில் 6,500 செலவு ஏறியிருக்கும்போதே சாப்ட்வேரும் அடக்க விலைப் பதிவை அனுப்பினால், 8,000 ரூபாய் விற்பனைக்கு எதிரே 13,000 ரூபாய் செலவு நிற்கும். ஸ்டாக் கணக்கு மைனஸ் 6,500 காட்டும். வேலை நிறைய வந்தும் புத்தகத்தில் நட்டம் என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். சின்னப் பட்டறைக்கு என் யோசனை: அடக்க விலைப் பதிவை எக்ஸ்போர்ட்டில் அணைத்துவிடுங்கள். எந்த வண்டியில் எவ்வளவு லாபம் நின்றது என்பதைப் பட்டறை சாப்ட்வேருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம், டேலிக்கு அது வேண்டியதில்லை.

லேத் வேலைக்கும் இதே எச்சரிக்கை, கொஞ்சம் சின்ன அளவில். லேத்காரருக்கு 700 கொடுத்து 1,000 வாங்கினோம் என்றால், அந்த 700 தனியாக வெளிவேலைச் செலவில் போக வேண்டும். பொதுச் செலவில் கலந்துவிட்டால் லேத் வேலையில் 300 நின்றதா என்றே தெரியாது.

வரி விகிதத்தை லெட்ஜர் பெயரில் எழுதி வைப்பவர்கள் நிறைய. அதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. லேபருக்கு 18 சதவீதம், வண்டிப் பாகங்களில் பலவற்றுக்கு 28. சாமானையும் லேபரையும் பில்லில் தனித்தனியாகக் காட்டினால் அதது அதனதன் விகிதத்தில் வரி என்று 2018 ஜூனில் சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் கார், லாரி பாகங்களும் 18க்கு வந்துவிட்டன. டிராக்டரின் பின்சக்கர டயர் 18லிருந்து 5க்கு இறங்கியது. ‘ஸ்பேர்ஸ் 28’ என்று லெட்ஜர் வைத்திருந்தவர்கள் மேப்பிங்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. விகிதம் ஐட்டத்தோடு இருக்கட்டும், லெட்ஜருக்கு அது எந்த வகை வருமானம் என்பது தெரிந்தால் போதும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இன்னொரு கணக்கும் கட்டாயம் வேண்டும்: மாநிலம் விட்டு மாநிலம் போகும் பில்லுக்கான ஐஜிஎஸ்டி. அத்திப்பள்ளி வந்துவிட்டாலே கர்நாடகா. பெங்களூரில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கம்பெனியின் வண்டி ஓசூரில் வேலைக்கு வந்தால், லேபருக்குச் சேவை பெறும் இடம் அந்தக் கம்பெனியின் பதிவு முகவரிதான். எனவே அந்த லேபருக்கு ஐஜிஎஸ்டி 18. சாமானுக்கு விதி வேறு, அது எங்கே ஒப்படைக்கப்படுகிறது என்று பார்க்கும். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு மேப்பிங் போடுவது நல்லது.

பணம் வரும் பக்கம் எளிது என்றுதான் தோன்றும். ரொக்கம் கல்லாவுக்கு, ஜிபே பேங்க்குக்கு. கார்டு மெஷின் மட்டும் அப்படியில்லை. நாள் முழுக்கத் தேய்த்த தொகை கமிஷன் கழிந்து மொத்தமாகப் பிறகு பேங்க்கில் ஏறும். நேராக பேங்க் லெட்ஜரை மேப் செய்தால் ஸ்டேட்மென்ட்டோடு எந்த நாளும் ஒத்துப்போகாது. கார்டு வரவேண்டியது என்று நடுவில் ஒரு கணக்கு வைத்து, பேங்க்கில் பணம் ஏறியதும் அதைத் தீர்த்துக் கமிஷனைச் செலவில் எழுத வேண்டும். வேலைக்கு முன் வாங்கும் அட்வான்ஸ் வருமானமே இல்லை, பில் போடும்வரை அது நாம் கொடுக்க வேண்டிய கடன். கம்பெனி வண்டிகளுக்கு டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். அதற்கும் ஒரு கணக்கு இல்லையென்றால் அந்தக் கம்பெனி பெயரில் சில்லறைப் பாக்கி வருடக்கணக்கில் தொங்கும்.

ரவுண்ட் ஆஃப் லெட்ஜரை அலட்சியமாக விடுகிறவர்கள் ஒரு பைசாவில் மாட்டிக்கொள்வார்கள். 1,015.50 ரூபாய்க்கு 18 சதவீதம் 182.79. அதைப் பாதியாக்கினால் 91.395, முழுமையாக்கினால் ஆளுக்கு 91.40. இரண்டையும் கூட்டினால் 182.80. பில் மொத்தம் 182.79ஐ வைத்தும், வரி லெட்ஜர்கள் 91.40ஐ வைத்தும் போனால் வவுச்சரின் இரு பக்கமும் ஒரு பைசா இடிக்கும், டேலி ஏற்காது. அந்தப் பைசா போய் உட்கார ரவுண்ட் ஆஃப் கணக்கு வேண்டும்.

எல்லாம் போட்டபின், டேலியில் ஒரு டம்மி கம்பெனி திறந்து அதில் ஏற்றிப் பாருங்கள். சாதாரண பில்லை விட்டுவிடுங்கள், அது எப்படியும் போய்விடும். அட்வான்ஸ் கழித்த பில் ஒன்று, பெங்களூர் கம்பெனி பில் ஒன்று, பழைய பேட்டரிக்கு விலை கழித்த பில் ஒன்று, திருப்பி வாங்கிய சாமான் ஒன்று என்று ஏற்றி, லாபநட்டக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு தொகையும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பேனாவால் டிக் அடியுங்கள். அப்புறம் அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றுங்கள். பில்லுக்கு ஒரு தனி அடையாள எண்ணைச் சாப்ட்வேர் கோப்பில் சேர்த்து அனுப்பாவிட்டால் விற்பனை இரட்டிப்பாகி நிற்கும். அப்படி நின்றால், எந்தத் தேதிவரை ஏற்றியாயிற்று என்று பூட்டும் வசதியைச் சாப்ட்வேர்க்காரரிடம் கேட்டு வாங்கிவிட்டுத்தான் நிஜக் கணக்கில் கை வைக்க வேண்டும்.