அந்த 99 சதவீதத்தை நம்பாதீர்கள்

பெங்களூரு அலசூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் கல்லூரிக் கடைசி வருடத்தில் எழுதும் ஆய்வுப் பேப்பரை என்னிடம் காட்டுவது வழக்கம். ஒயிட்ஃபீல்டில் ஒரு கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் பார்க்கிறவன் நான். இந்த மாதம் நான்கு பேப்பர் வந்தன. நான்கின் தலைப்பிலும் 'இன்றைய இணையத் தாக்குதல்கள்' இருந்தது. நான்கிலும் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ஒரு கணினி மாடல்; அதைப் பழக்க கேடிடி 99 என்ற நெட்வொர்க் இணைப்புப் பதிவுத் தொகுப்பு, 99 சதவீதத் துல்லியம். நான்காவதைப் படித்தபோது பொறுமை போய்விட்டது.

தம்பி, அந்த டேட்டா 1998-ல் எடுத்தது. அமெரிக்க விமானப்படை நெட்வொர்க் மாதிரி ஒன்றைச் செயற்கையாக அமைத்துப் பதிவு செய்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஸ்மர்ஃப் என்ற ஒரே தாக்குதல்; பல கணினிகளை ஒரே நேரத்தில் பதில் அனுப்பவைத்து ஒரு கணினியைத் திணறடிப்பது. அதற்கான வழியை ரவுட்டர்கள் எப்போதோ அடைத்துவிட்டன. என் ஷிப்டில் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 சதவீதம் வெறும் நகல்கள் என்று 2009-லேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். நகல்களை நீக்கி வந்த என்எஸ்எல்-கேடிடியிலும் அதே பழைய தாக்குதல்கள்தான்.

சரி, டேட்டா புதியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 லட்சம் இணைப்புகள், அவற்றில் 100 தாக்குதல்கள். தாக்குதலானாலும் சாதாரண இணைப்பானாலும் உங்கள் மாடல் 99 சதவீதம் சரி. 99 தாக்குதல்களைப் பிடித்துவிடும். கூடவே ஏறத்தாழ 10,000 பொய் எச்சரிக்கைகளையும் எழுப்பும். இரவு 3 மணிக்கு உட்கார்ந்து அவற்றைத் திறந்து பார்க்கப்போவது என்னைப் போன்றவர்கள்தான். இன்னொன்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் 'தாக்குதல் இல்லை' என்று சொல்லும் ஒற்றை வரி நிரலுக்கு 99.99 சதவீதத் துல்லியம் கிடைக்கும்! ஆகவே துல்லியத்தை மட்டும் எழுதாதீர்கள். பொய் எச்சரிக்கை எத்தனை, தப்பவிட்டது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள்.

நான்கில் ஒரு பேப்பருக்காக ஒரு பையன், கேட்காமலே யாருடைய தளத்தையோ எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஸ்கேன் செய்திருந்தான். படித்ததும் பதறிப்போனேன். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு, அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 'படிப்புக்காகத்தான் சார்' என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நம்பியிருக்காதீர்கள். பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்ற மெய்நிகர் கணினியை உங்கள் லேப்டாப்பிலேயே ஏற்றிப் பழகுங்கள்.

அப்புறம், ஏஐ எழுதித்தந்த மேற்கோள்கள். இல்லாத கட்டுரைகளையும் அது இருப்பதுபோல எழுதிவிடும். ஒவ்வொன்றையும் திறந்து படித்த பிறகே சேருங்கள்.

இன்றைய விஷயம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கிறது. 'இன்றிரவு கரண்ட் கட்' என்று உங்கள் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வரும் மோசடிச் செய்திகளை, அவர்கள் சம்மதத்தோடு, பெயரையும் எண்ணையும் மறைத்துத் திரட்டுங்கள். தமிழிலும் கன்னடத்திலுமாக 200 சேர்ந்தாலே நல்ல பேப்பர் ஒன்று எழுதலாம். முடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள், தலைப்பு எடுப்பதற்கு முன்பே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன்.