ஓவர்க்ளாக்கிங்: ஓசியில் வருமா வேகம்?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் அக்கா மகனோடு நின்றிருந்தேன். கன்னடத்தில் பேச்சைத் தொடங்கிய கடைக்காரர், நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் திருவண்ணாமலைத் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

"அண்ணா, இதை ஓசி பண்ண முடியுமா?" என்றான் பையன்.

"ஓசியில எல்லாம் முடியாதுப்பா, ஏதாவது பாத்து குடு."

அவன் சொன்ன ஓசி, ஓவர்க்ளாக்கிங் என்பதன் சுருக்கம். நம் ஊர் ஓசியோ காசில்லாமல் கைக்கு வருவது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் தபால்தலை ஒட்டாமல் போன அரசுக் கடிதங்களின் முத்திரையிலிருந்து இது வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், கதையாகவே இருக்கட்டும். இரண்டு ஓசியும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. வாங்கிய செயலியிலிருந்து, அதாவது கணினியின் மூளையான ப்ராசஸரிலிருந்து, கொடுத்த காசுக்கு மேல் வேகத்தைக் கறப்பதுதானே ஓவர்க்ளாக்கிங்!

சொல்லைப் பிரித்தால் 'க்ளாக்' நடுவில் நிற்கிறது. இடைக்கால லத்தீனில் 'க்ளோக்கா' என்றால் மணி, அதாவது அடிக்கிற மணி. முகப்பும் முள்ளும் பிறகு வந்தவை. நாமும் "மணி என்ன?" என்றுதான் கேட்கிறோம். ஆனால் கடிகாரம் என்ற சொல்லின் வேர் வேறு: கடிகை என்பது நீர்ப்பாத்திரம், நீரை வைத்துப் பொழுதளந்த கருவி. முல்லைப்பாட்டில் வரும் 'குறுநீர்க் கன்னல்' அதே இனம். ஒரு மரபில் காலம் ஒழுகுகிறது, இன்னொன்றில் அடிக்கிறது. செயலிக்குள் இருப்பது அடிக்கிற வகை.

படிகத்தின் அதிர்விலிருந்து நொடிக்கு 10 கோடி துடிப்பு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், அடிப்படையாகக் கிடைக்கிறது. அதைச் செயலி ஒரு பெருக்கியால் பெருக்கிக்கொள்ளும். பெருக்கி 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ், நொடிக்கு 450 கோடி துடிப்பு. உள்ளே இருக்கும் சுற்றுகள் இந்தத் துடிப்புக்குத்தான் அடியெடுத்து வைக்கின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே கையிலுள்ள வேலையை முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் கணக்கு தப்பும், கணினி உறைந்து நிற்கும்.

துடிப்பை முடுக்கும் ஆசை பழையது. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலகையிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பிடுங்கி 16-ஐச் செருகினார்கள். செயலிக்குப் பாதிதான் போகும் என்பதால் 6 என்பது 8 ஆனது. 1998-ல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ செயலி இன்னும் பேர்போனது. அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-ல் ஓடும். ஓசி என்ற பட்டத்துக்கு முழுத் தகுதி உள்ள சில்லு அது.

இனி தமிழ்ச் சொல். 'மிகைக்கடிகாரம்' என்றால் யாரோ இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருப்பதாகத் தோன்றும். 'மிகைத்துடிப்பு' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் இதய மருத்துவரிடம் போகச் சொல்கிற தொனி. இசையில் 'மேல்காலம்' இருக்கிறதே, ஓவருக்கு மேல், க்ளாக்குக்குக் காலம், அச்சாகப் பொருந்துகிறதே என்று அல்சூரில் இருக்கும் மிருதங்க நண்பரிடம் கேட்டேன். தலையாட்டி மறுத்துவிட்டார். மேல்காலத்தில் தாளம் அசையாது. அதே தட்டுக்குள் இரட்டிப்புச் சொற்கள் உட்காரும். தாளத்தையே விரட்டினால் அதற்குப் பெயர் காலப்பிரமாணம் ஓடுவது, கச்சேரியில் அது குற்றம் என்றார். யோசித்தால் அவர் சொன்ன மேல்காலமும் கணினியில் உண்டு: புதிய தலைமுறைச் செயலிகள் அதே துடிப்புக்குள் கூடுதல் கட்டளைகளை முடிப்பது. ஓவர்க்ளாக்கிங் தாளத்தை விரட்டும் வேலை. எனவே என் தேர்வு 'துடிப்பேற்றம்'. வினையாக்கினால் துடிப்பேற்று, எதிர்ச்சொல் துடிப்பிறக்கம். 'வேகமேற்றம்' என்றால் வேகமான சேமிப்புக்குப் புது எஸ்எஸ்டி போட்டதுகூட அதில் அடங்கிவிடும்.

விரட்டினால் விலை உண்டு. துடிப்பு கூடும்போது அதைத் தாங்க மின்னழுத்தமும் கூட வேண்டியிருக்கும். மின்செலவு துடிப்புக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் செலவும் சூடும் சுமார் 33 சதவீதம் ஏறிவிடும். மேசைக் கணினியில் பெரிய விசிறி வைத்துச் சமாளிக்கலாம். லேப்டாப்பில் விரல் கனத்தில் வெப்பக் குழாயும் உள்ளங்கை அளவு விசிறியும்தான். இன்டெல் லேப்டாப் செயலிகள் பெரும்பாலும் 100 டிகிரியைத் தொட்டதும் துடிப்பைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். இதற்கு ஆங்கிலத்தில் த்ராட்லிங் என்று பெயர், தொண்டையை நெரிப்பது என்று பொருள். ஏற்றியதைச் சூடு இறக்கிவிடும். "குளுகுளு பெங்களூருதானே மாமா" என்றான் பையன். குளிர்ச்சி உண்மை; ஆனால் 900 மீட்டர் உயரத்தில் காற்றும் கடலோரத்தைவிட ஏறக்குறைய 9 சதவீதம் மெலிது, அந்த அளவுக்குச் சூட்டைக் குறைவாகவே அள்ளும்.

பெரும்பாலான லேப்டாப் செயலிகளில் பெருக்கி பூட்டியே வரும். இன்டெலில் பெயர் எச்கே என்று முடிவது போன்ற சில வகைகளில்தான் திறப்பு. திறந்திருந்தாலும் முதலில் உத்தரவாதத் தாளைப் படித்துவிட்டு, கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். சார்ஜர் செருகியிருக்க, ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றி, அரை மணி நேரம் கடும் சுமை கொடுத்து வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். 90-ஐத் தாண்டினால் அத்தோடு விட்டுவிடுவது நல்லது என்பது என் கணக்கு. மின்னழுத்தத்தை மட்டும் கையால் ஏற்றவே கூடாது. மிதமிஞ்சிய மின்னோட்டமும் சூடும் சேர்ந்தால் சில்லுக்குள் இருக்கும் உலோக அணுக்களே மெல்ல இடம்பெயரும், அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்ய வழியில்லை.

லேப்டாப்புக்கு உண்மையில் உதவுவது அண்டர்வோல்ட்டிங், 'அழுத்தக் குறைப்பு' என்று சொல்லலாம். துடிப்பைத் தொடாமல் மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துச் சூட்டைத் தணிப்பது. 2019-ல், மின்னழுத்தத்தைக் குறைக்கும் இதே வசதியை வைத்துத் தாக்கும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல லேப்டாப்புகளில் இந்த வழியும் பூட்டப்பட்டுவிட்டது. அக்கா மகனுடையதும் அதில் ஒன்று.

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். விசிறியின் வாயில் கம்பளித் துணி போல அவுட்டர் ரிங் ரோட்டுத் தூசி. ஊதித் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிது வைத்து, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி பையனிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, கேம் ஆடும்போது 2.8-க்கு விழுந்துட்டிருந்தது, இப்போ 3.9-லயே நிக்குது."