ஏரிப் படகில் "எழுந்திருக்காதீங்க" என்று ஏன் கத்துகிறார்கள்?

படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருக்கும். யாரோ ஒருவர் கண்ணில் அது பட்டுவிடும், தண்ணீர் குடிக்க வந்த மானோ, பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காய வைக்கும் நீர்க்காகமோ. "அங்க பாருங்க!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். காலுக்கடியில் தரை மெதுவாகச் சாயும். படகோட்டி உடனே கத்துவார். பல பேருக்கு அது எரிச்சலாக இருக்கும், ரசிக்க வந்த இடத்தில் இவர் ஏன் அதட்டுகிறார் என்று தோன்றும். அவர் ஏன் கத்துகிறார் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் மிதப்பது. இது எளிது. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, படகு தன் மொத்த எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். ஆளுக்கு 65 கிலோ என்று 40 பேர் ஏறினால் 2,600 கிலோ, அதாவது 2.6 கன மீட்டர் தண்ணீர் கூடுதலாக விலக வேண்டும். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 25 சதுர மீட்டர் என்றால், 40 பேரும் ஏறி முடிக்கும்போது படகு 10 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் வரைந்திருக்கும் கோடு தண்ணீருக்குள் போய்விட்டதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. மரக்கட்டை கூட மிதக்கும், உருண்டுகொண்டே மிதக்கும். பயணிகள் படகுக்கு அது போதாது.

பாரம் முழுக்க அடியில் இருந்தால்தான் படகு கவிழாமல் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பல பயணிகள் படகுகளில் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும் புள்ளி, நீர்மட்டத்துக்கு மேலேகூட இருக்கும், அப்படியும் படகு நிமிர்ந்தே நிற்கும். எப்படி? படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் தண்ணீருக்குள் அதிகமாக அமிழ்கிறது, மறுபக்கம் வெளியே எழுகிறது. அதனால் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் இடம், அதாவது மிதப்பு மையம், சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. எடை நடுவிலிருந்து கீழே இழுக்க, தண்ணீர் ஓரத்திலிருந்து மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து படகைத் திருப்பி நிமிர்த்துகின்றன.

அந்த மேல்நோக்கிய தள்ளலின் கோட்டை நீட்டிக்கொண்டே போனால், படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். 1746-இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் புகேர் இதை விளக்கி எழுதினார். பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டீஸ் மலைக்குப் போய் வருடக்கணக்கில் தங்கியிருந்த மனிதர், அந்த மலையில் இருந்தபடி கப்பல் கவிழ்வதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். படகை அந்தப் புள்ளியில் மாட்டித் தொங்கவிட்ட தொட்டில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கொக்கி மேலே, பாரம் கீழே இருக்கிற வரைக்கும் எப்படி ஆட்டினாலும் நடுவுக்கு வந்து நிற்கும். பாரம் கொக்கிக்கு மேலே போய்விட்டால் தொட்டில் தலைகீழாகிவிடும்.

அந்தக் கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் படகின் அகலம்தான் முடிவு செய்கிறது, அதுவும் அகலத்தின் மும்மடிக் கணக்கில். அகலத்தை 20 சதவீதம் கூட்டினால், நீர்மட்டப் பரப்பு சாய்வை எதிர்க்கும் திறன் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இரண்டு மிதவைகளைத் தள்ளித் தள்ளி வைத்து மேலே தட்டையான தளம் போடும் படகுகள் ஏரிகளில் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு மிதவையும் நடுவிலிருந்து தூரத்தில் இருப்பதால், ஒரு பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தாலே பெரிய எதிர்ப்பு வந்துவிடுகிறது.

சரி, இப்போது கூட்டத்துக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்து 10 டன் எடை, 3 மீட்டர் அகலம் உள்ள இரண்டடுக்குப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளி. கீழ்த் தளத்தில் இருக்கும் 20 பேர், மொத்தம் 1,300 கிலோ, ஒரு மீட்டர் தூரம் இடப்பக்கம் நகர்கிறார்கள். படகு ஏறக்குறைய 12 டிகிரி சாயும், அந்தப் பக்க விளிம்பு 30 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். பயமாக இருக்கும், ஆனால் படகு தாங்கிவிடும்.

இதே 20 பேர் "மேலே போனா நல்லா தெரியும்" என்று மேல் தளத்துக்கு ஏறிவிட்டார்கள் என்று வையுங்கள். 1,300 கிலோ, 2.2 மீட்டர் மேலே போகிறது. மொத்தப் படகின் ஈர்ப்பு மையம் 28 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும், 60 சென்டிமீட்டரில் மீதி இருப்பது 31தான். இப்போது அவர்கள் அதே ஒரு மீட்டர் நகர்ந்தால் சாய்வு 22 டிகிரியைத் தாண்டுகிறது, விளிம்பு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் இறங்குகிறது. அந்தச் சாய்வில் யாராலும் நின்ற இடத்தில் நிற்க முடியாது. நாற்காலியும் பையும் ஆட்களும் தாழ்ந்த பக்கத்துக்குச் சரிவார்கள், அது சாய்வை இன்னும் கூட்டும், விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டால் நிமிர்த்தும் விசையும் வேகமாகக் குறையத் தொடங்கும். அதுவரைக்கும் மெதுவாக நடந்தது அப்புறம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

அதே ஆட்கள், அதே எடை, அதே ஒரு மீட்டர். மாடிப்படி ஏறியது மட்டும்தான் வித்தியாசம்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்ததும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகுதான். 45 பேர் இறந்தார்கள். அதற்கு நான்கு வருடம் முன்னால், 2005 அக்டோபர் 2, அமெரிக்காவின் லேக் ஜார்ஜ் ஏரியில் ஈதன் ஆலன் என்ற படகு 47 பயணிகளோடு போய்க் கவிழ்ந்தது, 20 பேர் இறந்தார்கள். பெரிய காற்று இல்லை, புயல் இல்லை. வேறு படகு கிளப்பிய அலை, ஒரு திருப்பம், அந்த ஆட்டத்தில் ஆட்கள் இடப்பக்கம் சரிந்தது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. விசாரணையில் தெரியவந்த விஷயம்தான் முக்கியம். 48 பயணிகளை ஏற்றலாம் என்று அனுமதி கொடுத்தபோது ஆளுக்கு 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ என்று பழைய கணக்கைப் போட்டிருந்தார்கள், மக்களின் எடை அதற்குள் கூடிவிட்டிருந்தது. கூரையை மாற்றியதும் படகின் நிலைத்தன்மையைக் குறைத்திருந்தது. அந்தப் படகு உண்மையில் 14 பேரைத்தான் ஏற்றியிருக்க வேண்டும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. பிறகு 2011 டிசம்பரில் அங்கே கணக்கில் போடும் எடையை 185 பவுண்டாக, ஏறக்குறைய 84 கிலோவாக உயர்த்தினார்கள்.

இன்னொரு எதிரி படகின் அடிவயிற்றில் தேங்கும் தண்ணீர். உள்ளங்கை ஆழம்தானே என்று விட்டுவிடக் கூடாது. படகு சாயும்போது அந்தத் தண்ணீரும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும், எழுந்து ஓடும் பயணிகளைப் போலவே. இதில் ஆழத்தைவிட அந்தத் தண்ணீர் எவ்வளவு அகலத்துக்குப் பரவி ஓட முடிகிறது என்பதே முக்கியம், இங்கேயும் மும்மடிக் கணக்குத்தான். அதனால்தான் அடிப்பகுதியைத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரிக்கிறார்கள், அவ்வப்போது பம்ப் வைத்து இறைக்கிறார்கள்.

நாமே கவனித்துப் பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. படகு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்ப வர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாம் கணக்கில் எடுத்த படகு 3 நொடிக்கு ஒரு முறை வெடுக்கென்று ஆடும். 20 பேர் மாடிக்குப் போனதும் அது 4 நொடிக்கு மேலே நீண்டுவிடும், ஆட்டம் மெத்தென்று சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து. வெடுக்கென்று திரும்பும் படகில் நிமிர்த்தும் விசை பலமாக இருக்கிறது. சோம்பலாகச் சாய்ந்து, திரும்பி வர யோசிக்கும் படகில் அது குறைந்துகொண்டே போகிறது. பழகிய படகோட்டிகள் இதைக் காலிலேயே உணர்ந்துவிடுவார்கள், நமக்கு ஒன்றும் தெரிவதற்கு முன்பே அவர் கத்துவதற்கு அதுதான் காரணம்.

படித்துறை வந்ததும் இதே கணக்கு மறுபடியும் தொடங்கும். கயிறு கட்டுவதற்குள் எல்லாரும் எழுந்து இறங்கும் பக்கம் வரிசையில் நிற்போம், 40 பேரும் ஒரே விளிம்பில். அதனால்தான் ஊழியர் கையைக் காட்டி ஒரு வரிசையாக இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் இருப்பவர்களை அங்கேயே உட்காரச் சொல்கிறார். ஒவ்வொரு ஆளாக இறங்க இறங்கப் படகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும், கடைசி ஆள் காலை எடுக்கும்போது அந்த 10 சென்டிமீட்டரும் திரும்ப வந்திருக்கும், பக்கவாட்டுக் கோட்டுக்குக் கீழே ஒரு ஈரப் பட்டை தெரியும்.