கனத்த நியூட்ரினோ விட்டுப்போன மிச்சம்

எதனோடும் அரிதாகவே வினைபுரியும் மின்னூட்டமில்லாத துகளான நியூட்ரினோவுக்கு நிறை உண்டென்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே உணர்கருவி 1998இலேயே காட்டிவிட்டதே, இன்னும் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிறை இருப்பது தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பலருக்கும் பிடித்த விடை ‘சீசா’, அதாவது ஏற்ற இறக்கப் பலகை. நாமறிந்த லேசான நியூட்ரினோவுக்கு, எதிர்த்திசையில் சுழலும் ‘வலக்கை’த் துணை ஒன்று உண்டு என்கிறது அது. துணை கனக்கக் கனக்க நாமறிந்தது லேசாகும். துகள்களின் நிறையை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள்; ஜிகா என்றால் நூறு கோடி. மற்ற துகள்களுக்கு ஹிக்ஸ் புலம் நிறை தரும் ஆற்றல் அளவான சுமார் 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை வர்க்கமாக்கி, நியூட்ரினோவின் 0.05 எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் துணையின் நிறை கிடைக்கும்: சுமார் 2×10¹⁴ ஜிகா எலக்ட்ரான் வோல்ட். ஜெனீவாவின் துகள் மோதுவியான எல்ஹெச்சியின் மோதல் ஆற்றலைப்போல் ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். எந்த எந்திரத்திலும் அதை உண்டாக்க முடியாது. பெருவெடிப்பின் தொடக்கச் சூட்டில் முடிந்திருக்கும்.

பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்திருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்கும்; நாம் இருக்க மாட்டோம். பொருள் எப்படி மிஞ்சியது என்பதற்கும் இந்தத் துணை விடை தரலாம். அப்படி உண்டானவை சிதைந்தபோது என்ன ஆயிற்று? 1986இல் ஜப்பானிய இயற்பியலாளர்கள் ஃபுகுகிடாவும் யனகிடாவும் சொன்னது இது. கனத்த நியூட்ரினோ லெப்டானாகவும் (எலக்ட்ரான், லேசான நியூட்ரினோ போன்றவை) சிதையலாம், அதன் எதிர்த்துகளான எதிர்லெப்டானாகவும் சிதையலாம். பத்து லட்சம் சிதைவுக்கு ஒரு எதிர்லெப்டான் கூடுதலாக வந்தாலே போதும். தொடக்கச் சூட்டில் நடந்த ஸ்ஃபலேரான் என்னும் வினை அந்த மிகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை புரோட்டான், நியூட்ரான் பக்கம் மாற்றிவிடும்.

இதில் ஒரு சிக்கல். சிதைவில் பிறந்தவை மறுபடி மோதிக் கனத்த நியூட்ரினோவாகவே திரும்பினால் மிகுதி அழிந்துபோகும். அண்டம் விரிந்து ஆறும்போதுதான் திரும்பும் வழி அடைபடுகிறது. லேசான நியூட்ரினோவின் நிறை கூடினால் திரும்பும் வேகமும் கூடும். ஆறும் வேகமும் திரும்பும் வேகமும் சமமாகும் எல்லையை லேசான நியூட்ரினோ நிறையின் கணக்கில் சொன்னால் சுமார் 0.001 எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறுவதை அளக்கும் அலைவுச் சோதனைகள் தரும் நிறை அளவுகளோ 0.009, 0.05. எல்லையைவிட ஒன்பது மடங்கு, ஐம்பது மடங்கு! அதற்கு முன் அண்டத்தில் என்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலும் துடைத்தெறிய இது போதும். புதிதாகப் பிறந்த மிகுதியிலோ நூற்றுக்குச் சில பங்கு தப்பிவிடும். நிறை 10 எலக்ட்ரான் வோல்ட்டாக இருந்திருந்தால் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்காது. இந்தப் பொருத்தம் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கணக்குப் போடலாம். பத்து லட்சத்தில் ஒன்று. அதில் தப்பியது நூற்றுக்கு 6 என்று கொள்வோம். நூற்றுக்கு மேற்பட்ட துகள் நிலைகளிடையே நீர்த்து, ஸ்ஃபலேரான் பங்கும் கழிந்தபின் நூறில் ஒன்று. பெருக்கினால் ஆயிரம் கோடி ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) 6 பேரியான், அதாவது புரோட்டான் அல்லது நியூட்ரான். வானில் அளந்ததும் அதுவே. ஆனால் அந்தப் ‘பத்து லட்சத்தில் ஒன்றை’ யாரும் அளக்கவில்லை. விடைக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டது. அது கிடைக்க வேண்டுமானால், எளிய மாதிரியில் கனத்த நியூட்ரினோ குறைந்தது சுமார் 10¹⁰ ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டாவது இருக்கவேண்டும்.

பெருவெடிப்பின் முதல் நொடியில் விடுபட்ட லேசான நியூட்ரினோக்கள் இன்றும் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 336 வீதம் நம் உடம்பு வழியே போய்க்கொண்டிருக்கின்றன. தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றி மலையையும் நீரையும் முன்வைத்துக் கேட்டவர்கள் கேட்டது நியாயம். நியூட்ரினோ உடம்பைக் கெடுக்கும் என்றது வெறும் புரளி.

வேகமாக ஓடும் இந்த லேசான நியூட்ரினோக்கள் விண்மீன் மண்டலங்களாகத் திரள்வதில்லை. அதனால் அண்டத்தின் கட்டமைப்பு சற்று மழுங்குகிறது. அந்த மழுக்கத்தையும் அண்டம் விரிந்த வரலாற்றையும் வைத்து, விண்மீன் மண்டலங்களின் வரைபடம் தீட்டும் அரிசோனாவின் டெசி கருவியும், பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியின் அளவீடுகளும் சேர்ந்து மூன்று நியூட்ரினோக்களின் மொத்த நிறைக்கு 2025இல் இட்ட உச்சவரம்பு 0.064 எலக்ட்ரான் வோல்ட். அலைவுச் சோதனைகள் அனுமதிக்கும் குறைந்தபட்சம் சுமார் 0.059. வரம்பு இன்னும் கொஞ்சம் இறங்கினால், நியூட்ரினோ நிறையைத் திருத்துவதா, அண்ட விரிவை முடுக்கும் இருள் ஆற்றல் மாறாதது என்ற அனுமானத்தைத் திருத்துவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.